போர்டு சித்தரின் செப்புக் கம்பி

போர்டு சித்தர் கடை முன்னால் காலையிலேயே கூட்டம். ஆளுக்கொரு உள்ளங்கை அகலக் கம்ப்யூட்டர் போர்டு. எல்லார் முகத்திலும் ஆஸ்பத்திரிக் களை. மாட்டிய சென்சாரைக் கம்ப்யூட்டர் கண்டுகொள்ளவில்லையா? கவலையே வேண்டாம். சித்தர் செப்புக் கம்பியால் போர்டைச் சுற்றுவார், கண்ணை மூடி முணுமுணுப்பார், மெமரி கார்டை மட்டும் 'சுத்தி செய்ய' உள்ளறைக்கு எடுத்துப் போவார். திரும்பி வந்து மாட்டினால் சென்சார் பேசும்! லேப்டாப்பும் கையுமாக ஒரு இன்ஜினியர்கூட வரிசையில் நின்றார். படிப்பு பாவம், அது என்ன செய்யும்?

குஞ்சு பொரிக்கும் பெட்டிகள் வைத்திருக்கும் ஒருத்தியும் தன் நாத்தனாரோடு வந்திருந்தாள். ஒரு பெட்டியின் சூட்டைக் கவனிக்கும் கம்ப்யூட்டரில் கார்டு கெட்டுப்போய்ப் புதுக் கார்டு போட்டதிலிருந்து, அதன் வெப்பமானி வாயைத் திறக்கவில்லை. உள்ளே முட்டைகள். வீட்டில் அவள் கணவன் பெட்டிக்குள் கையை விட்டுச் சூடு பார்த்து ஸ்விட்சைப் போடுவதும் அணைப்பதுமாக இருந்தான். கொஞ்சம் அசந்தால் முட்டைக்குள்ளேயே குஞ்சு வெந்துவிடும்.

"பெரிய தோஷம்மா. ஒரு வாரம் இங்கேயே இருக்கட்டும்," என்றார் சித்தர். தட்சணை பெருகப் பெருகத் தோஷம் குறையும் என்பது அவர் கணக்கு.

"அதுக்குள்ள எல்லாம் அவிஞ்சிடும் சாமி!" அவளுக்கு அழுகையே வந்துவிட்டது.

"இருங்க அண்ணி," என்ற நாத்தனார், பையிலிருந்து அதே மாதிரி இன்னொரு போர்டைச் சென்சாரோடு எடுத்தாள். "சாமி, இது எங்க இன்னொரு பெட்டியோடது, இப்ப அதுல முட்டை இல்ல. நீங்க மந்திரிச்சது. ஜோரா வேலை செய்யுது. மந்திரம் போர்டுலதானே இருக்கு?"

"ஒவ்வொரு அணுவுலயும் இருக்கு!"

"அப்ப ரெண்டோட கார்டையும் மாத்திப் போட்டுப் பாப்போம்."

சித்தர் கையை நீட்டித் தடுப்பதற்குள் மாற்றி, கடைத் திரையில் இணைத்துவிட்டாள். மந்திரித்த போர்டு ஊமையானது. மந்திரமே காணாத போர்டு வெப்பநிலையைக் கடகடவென்று ஒப்பித்தது.

"சூட்சுமம் கார்டுலதான். சார், உங்க லேப்டாப்பைக் கொஞ்சம் குடுங்க."

இரண்டு கார்டிலும் செட்டிங்ஸ் எழுதியிருக்கும் அமைப்புக் கோப்புகளைப் பக்கத்துப் பக்கத்தில் திறந்தாள். ஒரே ஒரு வரியில்தான் வித்தியாசம். சென்சாரும் கம்ப்யூட்டரும் பேசிக்கொள்ளும் பாதைக்கு எஸ்.பி.ஐ. என்று பெயர். புதுக் கார்டில் அது மூடியே வரும். வரியின் முன்னால் இருக்கும் ஒரு குறியை அழித்தால் திறந்துகொள்ளும். உள்ளறையில் சித்தர் செய்த கடுந்தவம் அவ்வளவுதான்! நாத்தனாரும் அழித்தாள். கார்டை மாட்டிக் கம்ப்யூட்டரை மறுபடி கிளப்பினாள். ஊமை வெப்பமானி பேசியது. அண்ணி போர்டைப் பிடுங்கிக்கொண்டு வீட்டைப் பார்த்து ஓடினாள்.

கூட்டம் திரும்பிப் பார்த்தபோது சித்தரைக் காணோம். உள்ளறைக்குப் பின்கதவும் உண்டு போலிருக்கிறது.

இன்ஜினியர் மேசையில் கிடந்த செப்புக் கம்பியை மெல்ல எடுத்தார். "எதுக்கும் இதால ஒரு சுத்து சுத்திட்டு, அப்புறம் அந்த வரியைத் திறக்கலாமாம்மா?"

"தாராளமா சுத்துங்க சார்," என்றாள் நாத்தனார். "ஆனா போர்டை இல்ல, உங்க தலையை. பாதை மூடிக் கிடக்கிறது அங்கதான்."