வண்டிக்கு அடியில் துரு மாமா

சென்னையில் ஓடுகிற பழைய கார்களில் பாதி இன்னும் ஓட்டை விழாமல் ஓடுவதற்கு ஒரே ஒரு மனிதர்தான் காரணம் என்று சொன்னால் நீங்கள் சிரிப்பீர்கள். தாராளமாகச் சிரியுங்கள். மந்தைவெளியில் எங்கள் தெருவுக்கு வந்து துரு மாமாவை ஒரு தடவை பார்த்துவிட்டால், அப்புறம் ராத்திரி தூக்கத்தில்கூட உங்கள் காரின் அடிப்பாகம்தான் கனவில் வரும்.

அவருக்கு அப்பா அம்மா வைத்த பெயர் ஒன்று இருந்திருக்க வேண்டும். அதை யாரும் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. மாமிகூட மாடியிலிருந்து, "இதோ பாருங்கோ" என்றுதான் குரல் கொடுப்பாள். கீழ்வீட்டை ஒரு தையற்காரருக்கு வாடகைக்கு விட்டுவிட்டு மேலே இருவரும் இருந்தார்கள். மாமாவுக்குச் சொந்தமாகக் கார் கிடையாது. கார் ஓட்டவும் தெரியாது. ஒன்று வாங்கினால் என்ன மாமா என்று நான் ஒருநாள் கேட்டேன். "வாங்கினா அந்த ஒரு வண்டியத்தானே பாத்துண்டிருக்கணும்? இப்போ எல்லா வண்டியும் என்னோடதுன்னா" என்றார்.

மனிதர்களின் முகம் அவருக்கு நினைவில் நிற்காது. வண்டியின் வயிறுதான் நிற்கும். எதிர்வீட்டுப் பல் டாக்டர் வருஷக்கணக்காக வணக்கம் சொல்லிக்கொண்டிருந்தார். மாமா ஒவ்வொரு தடவையும் விழிப்பார். பிறகு பிரகாசமாகி, சைலன்சர் பக்கத்தில் கையகலத்துக்குத் துரு இருந்ததே, அவர்தானே நீங்கள் என்று விசாரிப்பார். டாக்டர் நொந்துபோய் ஆமாம் என்பார்.

யாராவது பழைய கார் வாங்கப் போனால் மாமாவைக் கூட்டிக்கொண்டுதான் போக வேண்டும். கூட்டிக்கொண்டு போகாவிட்டாலும் அவர் வந்துவிடுவார். வெள்ளை வேட்டியை மடித்துக் கட்டி, ரோட்டில் செய்தித்தாளை விரித்து, மல்லாந்து படுத்து, சர்ரென்று உள்ளே போய்விடுவார். வெளியே இரண்டு பாதங்கள் மட்டும் தெரியும். உள்ளேயிருந்து டொக் டொக் என்று சத்தம் வரும். அது மாமியின் மரக்கரண்டி. தகரம் கெட்டியாக இருந்தால் ஒரு மாதிரி ஒலிக்குமாம், துரு தின்றிருந்தால் வேறு மாதிரி ஒலிக்குமாம். கூடவே கைக்குட்டையில் சுற்றிய ஒரு காந்தம். அது ஒட்டினால் தகரம். வழுக்கினால் ஓட்டையை மறைத்துப் பூசிய பட்டி. மாமி வீட்டில் மோர்க்குழம்பைக் கையில் கிடைத்ததை வைத்துக் கிளறிக்கொண்டிருப்பாள்.

இத்தோடு விட்டாரா? கார் தரைவிரிப்பைத் தூக்கி, கண்ணை மூடி, மூச்சை இழுத்து மோந்து பார்ப்பார். வெள்ளத்தில் நின்ற வண்டியா என்று அதிலேயே தெரிந்துவிடுமாம். தி.நகரில் ஒரு புரோக்கர், சார் இது மழையையே பார்க்காத வண்டி என்று சத்தியம் பண்ணிக்கொண்டிருந்தபோது, மாமா விரிப்பிலிருந்து மூக்கை எடுக்காமலே, "அடையாத்துத் தண்ணி. கூவமா இருந்தா இன்னும் கொஞ்சம் நெடி தூக்கலா இருக்கும்" என்றார். அன்றிலிருந்து தெருமுனையில் மாமாவின் தலை தெரிந்தால் அந்தப் புரோக்கர் ஷட்டரை இழுத்து மூடிவிட்டு டீ குடிக்கப் போய்விடுவார்.

எங்கள் பக்கத்து வீட்டில் பெண் பார்க்கக் காரில் வந்தார்கள். உள்ளே சொஜ்ஜி, பஜ்ஜி. மாப்பிள்ளை வெட்கப்பட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். பெண் காபித் தட்டோடு வந்து நிற்கிற அந்தத் தருணத்தில் மாமா கூடத்துக்குள் நுழைகிறார். முதுகெல்லாம் மண். உள்ளங்கையில் செதில் செதிலாகத் துரு. அதைப் பெண்ணின் அப்பாவிடம் நீட்டி, "பையன் தங்கமான பையன். வண்டியத்தான் கவனிக்கறதில்ல. பாத்துச் செய்யுங்கோ" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். வீடே உறைந்துவிட்டது. நல்லவேளை, பெண்ணுக்குப் பையனைப் பிடித்திருந்தது. அவள் போட்ட ஒரே நிபந்தனை, முகூர்த்தத்துக்கு முன் வண்டிக்குத் துருப்பிடிக்காமல் அடிப்பூச்சு அடிக்க வேண்டும் என்பதுதான்.

பெசன்ட் நகர் பிள்ளையார் கோயில் வாசலிலும் தகராறு உண்டு. புதிதோ பழசோ, வண்டி வாங்கினால் பிள்ளையார் முன் நிறுத்தி, கல் உப்பைச் சுற்றிச் சக்கரத்தடியில் கொட்டித் திருஷ்டி கழிப்பது நம் வழக்கம். மாமா இதற்கென்றே ஒரு வாளித் தண்ணீரோடு காத்திருப்பார். பெசன்ட் நகர் காத்துல இருக்கற உப்பு போறாதா, நீங்க வேற கைநிறையக் கொட்டணுமா என்று கத்திக்கொண்டே சக்கரத்தை அலம்பிவிடுவார். குருக்கள் அவரைப் பார்த்தாலே மந்திரத்தை வேகமாக முடித்துக்கொள்வார்.

துருவாவது கண்ணுக்குத் தெரிகிற வியாதி. மாமாவைத் தூங்கவிடாத இன்னொன்று இருந்தது. கார் கம்பெனிகள் சில சமயம், நாங்கள் செய்த வண்டிகளில் இன்ன பாகம் பின்னால் பழுதாகலாம், கொண்டு வாருங்கள், இலவசமாக மாற்றித் தருகிறோம் என்று அறிவிக்கும். ரீகால் என்பார்கள். அந்தத் தகவல் யாருக்குப் போகும்? வண்டியை முதலில் வாங்கினவருக்கு. அவரோ எப்போதோ விற்றுத் தொலைத்திருப்பார். செல்போனில் வந்த செய்தியைப் பார்த்துவிட்டு, நமக்கென்ன என்று அழித்துவிடுவார். செகண்ட் ஹேண்டில் வாங்கினவருக்கு ஒரு மண்ணும் தெரியாது. இந்த அநியாயத்தைச் சரிக்கட்டுவதற்காக மாமா தெருவில் இருக்கிற அத்தனை வண்டிகளின் உடம்பிலும் பொறித்திருக்கும் சேஸிஸ் நம்பரை மனப்பாடம் செய்து, கம்பெனி இணையதளங்களில் தட்டித் தட்டிப் பார்த்துக்கொண்டே இருப்பார். சாப்பிட்டாச்சா என்று கேட்பதுபோல, நம்பர் பார்த்தாச்சா என்று கேட்பார்.

இப்போது மேகலா அக்காவைப் பற்றிச் சொல்ல வேண்டும். எங்கள் தெருமுனையில் இட்லிக் கடை போட்டிருப்பவர். அடையாற்றங்கரையில் குடியிருந்தார். அங்கே வீடுகளை எடுத்துவிட்டு ஊருக்கு வெளியே எங்கேயோ குடியமர்த்திவிட்டார்கள். அங்கிருந்து சாம்பார் அண்டாவோடு பஸ்ஸில் வந்தால் எந்தக் கண்டக்டர் ஏற்றுவார்? அதனால் கையில் இருந்ததையெல்லாம் போட்டு ஒரு பழைய பெட்ரோல் வேன் வாங்கினார். தானே ஓட்டிக்கொண்டு வருவார். பின்கதவைத் தூக்கினால் அதுதான் கடை. வேன் ஓடினால் பிழைப்பு உண்டு. நின்றால் இல்லை. அந்த மூலை எப்போது காலியாகும் என்று ஃப்ரைடு ரைஸ் தள்ளுவண்டிக்காரர் ஒருவர் எதிர்ச் சாரியிலேயே நின்று நோட்டம் விட்டுக்கொண்டிருந்தார்.

வேன் வந்ததும் மாமா அதற்கு அடியில் புகுந்தார். துரு அதிகமில்லை, ஆனால் உடனே பூச்சு அடிக்க வேண்டும் என்றார். ராயப்பேட்டையிலிருந்து தெரிந்த ஒருவரை வரவழைத்தார். பக்கத்திலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்து, ஓர் இண்டு இடுக்கு விடக் கூடாது, ஓட்டை என்று கண்ணில் பட்டால் அடைத்துவிட வேண்டும் என்று விரட்டி விரட்டி வேலை வாங்கினார். வேன் கன்னங்கரேலென்று ஜொலித்தது.

மழைக்காலம் வந்தது. வேன் பிரேக் பிடிக்கிறபோதெல்லாம் களக் களக் என்று ஒரு சத்தம். மேகலா அக்கா சாம்பார் கொட்டுகிறது என்று பதறி, ஒவ்வொரு சிக்னலிலும் இறங்கிப் பின்னால் ஓடி அண்டாவைத் திறந்து பார்ப்பார். சாம்பார் அப்படியே இருக்கும். மூடியை மாற்றினார். கயிறு போட்டுக் கட்டினார். அண்டாவையே மாற்றினார். சத்தம் மட்டும் போகவில்லை. ஒருநாள் தெருவே கூடி நின்று காது கொடுத்துக் கேட்டது. சத்தம் சாம்பாரில் இல்லை, கதவுக்குள்!

கார்க் கதவின் அடியில் சின்னச் சின்னத் துளைகள் வைத்திருப்பார்கள். கண்ணாடி வழியாக உள்ளே இறங்குகிற மழைநீர் வெளியே போவதற்கு. மாமா அதையும் சேர்த்து அடைக்கச் சொல்லியிருக்கிறார். நாலு கதவும் நாலு தண்ணித் தொட்டி. மாமா மாமியின் கொண்டை ஊசியை வாங்கிக்கொண்டு படுத்து ஒரு குத்துக் குத்தினார். குபுகுபுவென்று செம்மண் நிறத்தில் தண்ணீர் அவர் முகத்திலேயே கொட்டியது. அதில் மீன் ஒன்றுதான் இல்லை. துருவை விரட்டக் கிளம்பியவர் துருவுக்குக் குளம் வெட்டிக் கொடுத்துவிட்டார் என்று தெருவே சிரித்தது. நான்தான் உரக்கச் சிரித்தேன். மேகலா அக்கா சிரிக்கவில்லை. இனி வண்டிப் பக்கமே வரக் கூடாது என்று மாமாவிடம் கறாராகச் சொல்லிவிட்டார்.

மாமா சொன்னபடியே தள்ளி நின்றார். ஆனால் நம்பர் தட்டிப் பார்ப்பதை யார் தடுக்க முடியும்? ஒருநாள் அந்த வேனின் நம்பரைத் தட்டினார். வந்துவிட்டது ரீகால். பெட்ரோல் டாங்கிலிருந்து எஞ்சினுக்குப் போகிற குழாயின் இணைப்பு விரிசல் விடலாம், மாற்றிக்கொள்ளுங்கள் என்று போட்டிருந்தது. மாமா ஓடிப்போய்ச் சொன்னார். மேகலா அக்கா சட்னியிலிருந்து தலையைத் தூக்கவில்லை.

"போன தபா கதவ அடைச்ச. இந்த தபா இன்னாத்த அடைக்கப் போற? ஒரு நாள் கடை போடலன்னா அவன் வந்து மூலைல குந்திக்குவான். போ மாமா, எனக்கு வியாபாரம் கீது."

மாமா திரும்பி வீட்டுக்கு நடந்தார். அன்றைக்கு அவர் சாப்பிடவில்லை என்று மாமி எங்களிடம் வருத்தப்பட்டாள். இத்தனை வருஷத்தில் அவர் பேசாமல் போனதை நான் அன்றுதான் பார்த்தேன். எனக்கு மனசு என்னவோ போலாகிவிட்டது.

மறுநாள் காலை வேன் வந்து நின்றது. நாங்கள் தட்டோடு வரிசையில் நிற்கிறோம். அக்கா பின்கதவைத் தூக்கி, அடுப்பைப் பற்றவைக்கத் தீப்பெட்டியை எடுக்கிறார். சர்ரென்று ஒரு வெள்ளை வேட்டி எங்கள் கால்களுக்கிடையே புகுந்து வேனுக்கு அடியில் போய்விட்டது. செய்தித்தாள்கூட விரிக்கவில்லை.

"மாமா, வெளிய வா. அடுப்ப பத்த வெக்கணும்."

"வை. நானும் சேந்து வேகறேன்."

வரிசை அப்படியே நின்றுவிட்டது. அக்கா கெஞ்சினார், திட்டினார், சாம்பார் ஆறுகிறது என்றார். உள்ளேயிருந்து மாமாவின் குரல் தணிந்து வந்தது. "மேகலா, கதவு விஷயத்துல நான் பண்ணினது முட்டாள்தனம். இல்லேன்னு சொல்லல. இத மட்டும் ஒரு தரம் வந்து மோந்து பாத்துடும்மா. அப்புறம் என்ன வேணா பண்ணிக்கோ."

அக்கா ஒரு நிமிஷம் யோசித்தார். பிறகு தீப்பெட்டியை இடுப்பில் செருகிக்கொண்டு, புடவையை இழுத்துவிட்டு, நடுரோட்டில் படுத்து, மாமாவுக்குப் பக்கத்தில் உள்ளே நகர்ந்துபோனார். எங்களுக்கு நாலு பாதங்கள் தெரிந்தன. மூச்சை இழுத்து மோந்து பார்க்கிற சத்தம் வந்தது. அப்புறம் அக்காவின் குரல் கேட்டது. அப்படியொரு சின்னக் குரலில் அவர் பேசி நாங்கள் கேட்டதில்லை.

"மாமா, சொட்டிக்கினு கீது. அடுப்பு இதுக்கு நேர் மேலதான் வெச்சிக்கினு கீறேன்."

அதற்கப்புறம் நடந்ததை எங்கள் தெரு இன்றுவரை சொல்லிச் சொல்லி மாய்கிறது. அடுப்பையும் சிலிண்டரையும் இறக்கினோம். வண்டியை ஸ்டார்ட் செய்யவே கூடாது என்றார் மாமா. இழுவை வண்டியைக் கூப்பிடலாம் என்றேன். கொக்கி போட்டால் அடித்த பூச்சு போய்விடும் என்றார். இந்த நேரத்திலும் மனுஷனுக்குப் பூச்சு! சரி என்று தள்ளினோம். மந்தைவெளியிலிருந்து அடையாறில் இருக்கும் கம்பெனி சர்வீஸ் சென்டர் வரைக்கும். பல் டாக்டர், தையற்காரர், டியூஷன் போகிற பிள்ளைகள், வாக்கிங் வந்த ஜட்ஜ், எல்லோரும். ஸ்டியரிங்கில் மேகலா அக்கா. முன்னால் கையை வீசிக்கொண்டு மாமா. யாரும் பீடி பிடிக்கக் கூடாது என்று போகிறவர் வருகிறவரையெல்லாம் அதட்டிக்கொண்டே வந்தார். பாலத்து ஏற்றத்தில் மூச்சு வாங்கியது. முன்பின் தெரியாதவர்கள் பைக்கை நிறுத்திவிட்டு வந்து தோள் கொடுத்தார்கள். பங்குனித் தேர்கூட அத்தனை உற்சாகமாக நகர்ந்திருக்காது.

சர்வீஸ் சென்டர் கவுண்டரில் இருந்த இளைஞர் கணினியைப் பார்த்துவிட்டு, ரீகால் சரிதான் சார், ஆனால் நோட்டீஸ் வேறொருவர் பெயரில் போயிருக்கிறது, அவர்தான் வர வேண்டும் என்று இழுத்தார். வேர்த்து விறுவிறுத்து நாங்கள் அத்தனை பேரும் கண்ணாடிக் கதவுக்கு வெளியே நிற்கிறோம்.

"நோட்டீஸ் அவருக்கு வந்துடுத்து. பெட்ரோல் இவளுக்கு ஒழுகறது. நீங்க யாரைக் காப்பாத்தப் போறேள்?" என்றார் மாமா.

இளைஞர் எழுந்து உள்ளே போய் மேனேஜரையே கூட்டி வந்துவிட்டார். வண்டியை எடுத்துக்கொண்டார்கள். குழாய் வந்துசேரச் சில நாள் ஆகும், செலவு ஒன்றும் கிடையாது என்றார்கள். மேகலா அக்காவுக்குப் பாதி உயிர் வந்தது. மீதி உயிர் தெருமுனையில் இருந்தது. கடை இல்லாத மூலையை ஃப்ரைடு ரைஸ்காரர் விட்டுவைப்பாரா?

மறுநாள் விடியும் முன்பே மாமா அங்கே ஸ்டூல் போட்டு உட்கார்ந்துவிட்டார், மடியில் வெறும் இட்லித் தட்டோடு. வருகிறவர்களிடமெல்லாம் வண்டி வந்ததும் கடை உண்டு, போய்ட்டு வாங்கோ என்று அனுப்பினார். எதிர்பார்த்தபடியே தள்ளுவண்டி உருண்டு வந்தது. மாமா அந்த ஆளோடு சண்டை போடவில்லை. குனிந்து தள்ளுவண்டியின் அச்சைப் பார்த்தார். டொக் டொக் என்று தட்டினார். முகத்தைச் சுளித்து, உச்சுக்கொட்டி, பாவம் என்றார். தள்ளுவண்டிக்காரர் வெலவெலத்துப்போய் அப்படியே திருப்பிக்கொண்டு பட்டறைக்கு ஓடினார். வேன் திரும்பி வருகிறவரை அந்தப் பக்கமே தலைகாட்டவில்லை.

வேன் வந்தது. மூலை பத்திரமாக இருந்தது. அக்கா பின்கதவைத் தூக்கினார். நாங்கள் தட்டோடு முண்டியடித்தோம். அவர் எங்களைச் சட்டையே செய்யவில்லை. ஸ்டூலில் இருந்த மாமாவிடம் போய் நின்றார்.

"மாமா, ஒரு தபா அடியில போய்ப் பாத்துட்டு சொல்லு. அப்பாலதான் அடுப்பு."

அன்றிலிருந்து தினமும் இதுதான். மாமா சாவகாசமாக வருவார், செய்தித்தாளை விரிப்பார், உள்ளே போவார். அவர் வெளியே தலையை நீட்டி, பத்த வைம்மா என்று சொன்ன பிறகுதான் தீக்குச்சி உரசும். ஆபீஸுக்கு நேரமாகிவிடும், ஸ்கூல் வேன் ஹாரன் அடிக்கும், பசி வயிற்றைக் கிள்ளும். ஆனாலும் அந்த இரண்டு பாதங்களைப் பார்த்துக்கொண்டு எங்கள் தெரு முழுக்கப் பொறுமையாக நிற்கிறது. ஒருத்தர்கூட, சீக்கிரம் மாமா என்று சொல்வதில்லை.