இன்னொரு தடவை ஓட்டிப் பார்ப்பவர்

மனிதர்களில் ‘இன்னொரு தடவை ஓட்டிப் பார்ப்பவர்’ என்று ஓர் இனம் உண்டு. பொய் சொல்லாது. புரட்டுப் பண்ணாது. தனக்குப் பிடித்த பதில் வருகிறவரை கேள்வியை மட்டும் திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்டே இருக்கும்.

இந்த இனத்தின் அசல் மாதிரியைப் பார்க்க வேண்டுமா? சிங்கப்பூரில் பேராசிரியர் குவெக்கின் ஆய்வுக்கூடத்துக்கு வாருங்கள். அங்கே மீன் கருக்கள் கண்ணாடி மாதிரி இருக்கும். இரத்த நாளங்கள் மட்டும் பச்சையாக ஒளிரும். நுண்ணோக்கி படம் எடுக்க, கணினி அதில் நாளம் எது என்று தானே கண்டுபிடித்து, சிவப்புக் கோடு போட்டு, நீளத்தையும் அளந்து சொல்லிவிடும். “மனுஷக் கண்ணு தனக்கு வேண்டியதைத்தான் பாக்கும், அதான் மெஷினை வெச்சேன்” என்று வருகிற விருந்தாளிக்கெல்லாம் குவெக் கோப்பி வாங்கிக் கொடுத்துச் சொல்வார். நியாயம்தானே?

கணக்கு அவருக்குச் சாதகமாக வந்தால், “மெஷின் பொய் சொல்லாது லா” என்று சிங்கப்பூர் இழுப்பு இழுப்பார். பாதகமாக வந்தால் விளக்கு மங்கல், மீன் அசைந்துவிட்டது, ஏ.சி. குளிர் ஒத்துக்கொள்ளவில்லை, படம் எடுத்தவன் பசியோடு வந்திருக்கிறான்.

அன்று மாட்டிக்கொண்டவள் ஆய்வு மாணவி ஹஸ்லினா. குவெக்கிடம் ஒரு மருந்து இருந்தது. நாளம் வளராமல் தடுத்துப் புற்றுக்கட்டியைப் பட்டினி போடும் என்பது அவர் நம்பிக்கை. அது பலித்தால் ஹஸ்லினாவுக்கு முனைவர் பட்டம். பலிக்காவிட்டால் இத்தனை வருஷம் மீனுக்குத் தீனி போட்டதுதான் மிச்சம். கணினியோ, மருந்து போட்ட கருவிலும் போடாத கருவிலும் நாளம் ஒரே அளவுதான் என்றது.

“இன்னொரு தடவை ஓட்டிப் பாரு.”

“காலையிலேர்ந்து அதைத்தான் பண்றேன், புரொஃப்.”

“மங்கலா தெரியறதையெல்லாம் நாளம்னு எடுத்துக்குது. வெளிச்ச வரம்பைக் கொஞ்சம் ஏத்து.”

ஏற்றினாள். அடேயப்பா, மருந்து போட்ட கருக்களில் சிவப்புக் கோடு பாதியாகிவிட்டது. அவளுக்கு வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது. ஆனாலும் மனசு கேட்காமல், மருந்து போடாத கருக்களையும் அதே வரம்பில் ஓட்டினாள். அதிலும் பாதியைக் காணோம்.

“புரொஃப், மருந்தே போடாத மீனுக்கும் நாளம் போயிடுச்சு.”

குவெக் முகத்தில் துளிச் சலனமில்லை. “இதுக்குப் பழைய வரம்பே போதும். இது நல்ல மீன்தானே.”

“ஒண்ணுக்கு ஒரு அளவு, இன்னொண்ணுக்கு வேற அளவா? யாராச்சும் கேட்டா?”

“கேக்கறப்ப பாத்துக்கலாம் லா. உனக்குப் பட்டம் வேணுமா, வேணாமா?”

பட்டமளிப்பு விழாவுக்கு ஹஸ்லினாவின் அம்மா பாஜு குரோங் என்ற மலாய் உடுப்பைத் தைக்கக் கொடுத்தாயிற்று. மருந்து போடாத கருக்களை மட்டும் பழைய வரம்பை வைத்து ஓட்டினாள். மருந்து பிரமாதமாக வேலை செய்தது. அன்று மத்தியானம் அவளுக்குச் சோறு இறங்கவில்லை.

சீ, இதுவும் ஒரு பிழைப்பா என்று நீங்கள் முகம் சுளிப்பது தெரிகிறது. தாராளமாகச் சுளியுங்கள். இன்று காலை எடை மெஷினில் ஏறி, கூடுதலாகக் காட்டியதும் இறங்கி, அதைத் தரையில் கொஞ்சம் நகர்த்தி வைத்து, கைக்கடிகாரத்தையும் கழற்றிவிட்டு மறுபடி ஏறினீர்களே. குறைத்துக் காட்டிய பிறகு ஏன் இன்னொரு தடவை ஏறிப் பார்க்கவில்லை?