வாய்க்காலில் விரித்த 'இல்லாத நதி'

சமகாலக் கலையில் முன்னுக்கு வர வரையத் தெரிந்திருக்க வேண்டும் என்று கட்டாயமில்லை. 'இன்மை' என்ற சொல்லைக் கூச்சமில்லாமல் பத்திக்குப் பத்தி எழுதத் தெரிந்தால் போதும். அந்தத் திறமை எனக்குச் சின்ன வயதிலேயே நிரம்பி வழிந்தது. நீடாமங்கலத்துக்குப் பக்கத்தில் பிறந்து, வடக்கே போய் நுண்கலை படித்து, திரும்பி வந்ததும் சொந்த ஊரையே 'ஆய்வுத் தளம்' என்று அழைக்க ஆரம்பித்த மேதை நான்.

கூடவே ஒரு கலைக்குழுவும் தொடங்கினேன். குழுவில் தலைமை கிடையாது, எல்லோரும் சமம் என்று நானே முடிவு செய்து, நானே எல்லோருக்கும் அறிவித்தேன். அதனாலோ என்னவோ, கடைசி வரை மிஞ்சியது பிரதீப் மட்டும்தான். அவன் ஒலிக்கலைஞன். (“கல்யாணத்துக்கெல்லாம் மைக் செட் போடுவியாப்பா?” என்று என் சித்தி கேட்டதற்கு அவன் இரண்டு நாள் எங்கள் வீட்டுக்குச் சாப்பிட வரவில்லை.)

அந்த வருடம் ஒரு பெரிய சர்வதேசக் கண்காட்சிக்குக் கலைஞர்களைத் தேர்ந்தெடுக்க டெல்லியிலிருந்து க்யூரேட்டர் அம்மையார் ஒருவர் வந்துகொண்டிருந்தார். எங்கள் ஊருக்கு ஒரு காலைப் பொழுது ஒதுக்கியிருந்தார். அவர் சரியென்றால் கலைஞர், க்யூரேட்டர், அமைப்பாளர் என்று எல்லாப் பட்டமும் ஒரே நாளில் வந்துவிடும். இல்லையென்றால், மன்னார்குடியில் ஒரு பள்ளியில் டிராயிங் டீச்சர் வேலைக்கு அப்பா சொல்லி வைத்திருந்தார்.

நான் யோசித்த படைப்பின் பெயர் 'இல்லாத நதி'. ஊரை ஒட்டிய பாசன வாய்க்கால் காய்ந்து கிடந்தது. தெருப் பெண்களிடம் நீலப் புடவைகளை இரவல் வாங்கி, ஒன்றோடொன்று முடிந்து, வாய்க்கால் நெடுக விரிப்பது. கரையில் பிரதீப்பின் ஸ்பீக்கர்கள் ஆறு ஓடும் சத்தத்தைப் பரப்பும். சித்தி தன்னுடைய ஆகாய நீலப் பட்டுப்புடவையையே கொடுத்தார். (கொடுத்தார் என்பது நாகரிகத்துக்காகச் சொல்வது. அவர் கோயிலுக்குப் போயிருந்தார், பீரோ திறந்திருந்தது.)

முந்தின நாள் சித்தி என்னைப் பிடித்துக்கொண்டார்.

“ஏண்டி, கல்லணையத் திறந்துட்டாங்களாமே. தண்ணி வந்துடாதா?”

“சித்தி, இந்த வொர்க்கோட கான்செப்ட்ல தண்ணி கிடையாது.”

“அது தண்ணிக்குத் தெரியுமாடி?”

இந்த மாதிரி மனிதர்களோடு கலை பேச முடியாது என்று நினைத்துக்கொண்டு, வாய்க்காலுக்குப் பக்கத்து வயல்காரரான செல்வராசு அண்ணனிடம் கேட்டேன். போர்வெல் தண்ணீரை வைத்து அப்போதுதான் நாற்றங்காலில் விதை தெளித்திருந்தார்.

“நம்ம வாய்க்காலுக்கு என்னைக்கும்மா தண்ணி சொன்ன நாள்ல வந்திருக்கு? வர்றதுக்குள்ள நீ எக்ஸிபிஷனையே முடிச்சிடுவ. நீ பாட்டுக்கு விரி” என்றார்.

எனக்கு எது வசதியோ அதையே நம்பினேன். ஆனி மாதத்தில், வாய்க்காலுக்குள், துணி விரித்த ஒரே டெல்டாக்காரி நானாகத்தான் இருப்பேன்.

மறுநாள் காலை அம்மையார் வந்தார். நான் வாய்க்காலுக்குள் இறங்கி நின்று, நதி எப்படித் தன் இல்லாமையின் மூலமே நம்மோடு உரையாடுகிறது என்று ஆங்கிலத்தில் அளந்துகொண்டிருந்தேன். கரையில் நின்ற அவர் கண்களை மூடிக் கேட்டார்.

“சத்தம் நிஜமாகவே நெருங்கி வருவது போல இருக்கிறது. அபாரம்” என்றார்.

பிரதீப் அடக்கமாகத் தலை குனிந்தான். என் புடவைகளை விட்டுவிட்டு அவன் ஸ்பீக்கரைப் புகழ்கிறாரே என்று எனக்கு வயிறு எரிந்தது. அந்த எரிச்சலோடு திரும்பிப் பார்த்தேன். வளைவில் நுரையும் சருகும் ஒரு பிளாஸ்டிக் பாட்டிலும் வந்துகொண்டிருந்தன. அவற்றுக்குப் பின்னால் காவிரி வந்துகொண்டிருந்தது.

முதல் சில நொடிகள் அழகாகத்தான் இருந்தது. புடவைகள் மெல்ல எழும்பி, நெளிந்து, நான் கற்பனை செய்ததைவிடப் பிரமாதமாக ஓடின. ஓடிப்போய் மதகுக் குழாய்க்குள் மொத்தமாகச் சுருண்டு அடைத்துக்கொண்டன. தண்ணீர் போக வழியில்லாமல் கரையேறி, செல்வராசு அண்ணனின் நாற்றங்காலுக்குள் இறங்கியது. தெளித்த விதையெல்லாம் மிதக்க ஆரம்பித்தது.

“ஐயோ, விதை போச்சே. யாராச்சும் அந்தக் கருமத்த இழுங்களேன்” என்று அவர் அரிவாளோடு ஓடி வந்தார்.

தெருப் பெண்களும் ஓடி வந்து, அவரவர் புடவையைத் தேடி இழுத்தார்கள். நனைந்த முடிச்சு அவிழவே இல்லை. (உறுதியாக இருக்கட்டும் என்று நானே போட்டது.) வேறு வழியில்லாமல் அண்ணன் கைக்கு வந்த இடத்தில் வெட்டினார். அதில் ஆகாய நீலத் துண்டு ஒன்று கரைக்கு வந்தது. சித்தி அதைக் கையில் எடுத்து, ஜரிகையைத் தடவிப் பார்த்தார்.

“இது என் பட்டுல்ல?” என்றார். பிறகு என்னைப் பார்த்தார். அன்று நான் உண்மையிலேயே பயந்தது அந்த ஒரு பார்வைக்குத்தான்.

அம்மையார் செருப்பைக் கையில் பிடித்தபடி காருக்குப் போய்க்கொண்டிருந்தார். இடுப்பளவு சேற்றோடு பின்னாலேயே ஓடினேன்.

“இங்கே வருடா வருடம் இந்தச் சமயத்தில்தான் தண்ணீர் வருமா?” என்று கேட்டார்.

“ஆமாம்.”

“உங்களுக்கு எந்த ஊர்?”

“இந்த ஊர்தான்.”

அவர் காரில் ஏறிக் கதவைச் சாத்திக்கொண்டார். அந்தக் கண்காட்சிக்கு எங்கள் குழுவிலிருந்து ஒருவர் தேர்வானார். பிரதீப். ஒலியில் அசாத்தியமான உண்மைத்தன்மை இருந்ததாம். எல்லோரும் சமமான குழு அன்றோடு கலைந்தது. செல்வராசு அண்ணனுக்கு எங்கள் வயலிலிருந்து நாற்று கொடுத்தோம். நான் மன்னார்குடிப் பிள்ளைகளுக்கு யானை வரையச் சொல்லிக் கொடுக்கப் போனேன்.

பிற்பாடு எப்படியோ தட்டுத் தடுமாறி நானும் க்யூரேட்டர் ஆகிவிட்டேன். பல ஊர்களில் என்னை மேடையில் உட்கார வைத்துப் பேசச் சொல்கிறார்கள். ஆனால் வீட்டுக்குப் போனால், தண்ணீர்த் தொட்டி நிரப்பச் சுவிட்சில் கை வைக்கும் முன் யாராவது ஒருவர் கூவாமல் இருப்பதில்லை: “மோட்டார் போடப் போறேன், அகிலா எங்கயாச்சும் எதையாச்சும் விரிச்சு வச்சிருக்காளான்னு பாத்துக்கங்க.”

போன வாரமும் சித்தி கூவினார். எல்லோரும் சிரித்து முடிப்பதற்குள், கொல்லைப்புறம் போய் ஒரு தடவை பார்த்துவிட்டு வந்தேன்.