நீயே கேட்டாலும் கொடுக்காத சாவி

முல்லைத்தீவு,
திங்கட்கிழமை.

கொழும்பு மாநகரின் கம்பியூட்டர்க் கோட்டைகளுக்கெல்லாம் காவல் நிற்கும் வீராங்கனையும் என் தங்கச்சி பெற்ற தங்கமுமாகிய மருமகள் சப்னாவுக்கு, நாயாறு முதல் வவுனியாச் சந்தை வரை கருவாட்டு வியாபாரத்தில் நிகரில்லாத உன் மாமா மீராசாகிபு ஸலாம் சொல்லி எழுதிக்கொள்வது. அல்லாஹ்வின் அருளால் நானும் மாமி பாத்தும்மாவும் சுகம். மாமியின் முழங்கால் மட்டும் சுகமில்லை. என் கதை கேட்டுக் கேட்டுத் தேய்ந்துவிட்டதாக அவா சொல்லுவா, நம்பாதே.

போன் இருக்கக் கடிதம் எதற்கு என்று கேட்பாய். மகள், இன்று காலையிலிருந்து குரலையும் முகத்தையும் நம்புவதை நான் விட்டுவிட்டேன். என் கையெழுத்தைப் போல எழுத உலகத்தில் எந்த மெஷினாலும் ஏலாது. எழுதின எனக்கே அதை வாசிக்க ஏலாது.

பெருநாளைக்கு வந்த நீ, புரியாணி ஆற ஆற எங்களுக்கெல்லாம் வகுப்பெடுத்தாயே, ஞாபகம் இருக்கிறதா? "மாமா, ஒருத்தற்ற குரலைக் கொஞ்சநேரம் கேட்டால் போதும், அப்படியே கதைக்கிற மெஷின் வந்திட்டுது. முகத்தையும் எடுத்துப் போட்டுக்கொண்டு வீடியோவில வரும். நானே வந்து கேட்டாலும் நம்பாதீங்கோ" என்றாய். பென்டிரைவ் மாதிரி ஒரு குட்டிச் சாமானைத் தூக்கிக் காட்டி, "இதுதான் மாமா சாவி, இதைக் குத்தினால்தான் ஒபிஸ் கம்பியூட்டர் எனக்குத் திறக்கும், கள்ளன்ர கையில போனால் என்ர வேலையும் போச்சு" என்றாய். அவ்வளவும் சொல்லிவிட்டு, அதை எங்கட அலுமாரிக்கு மேலேயே மறந்து வைத்துவிட்டு பஸ் ஏறிவிட்டாய். அறிவாளிகள் அப்படித்தான், நானும் செருப்பை மறப்பேன். சாவியை எடுத்து உடனே சுறாக் கருவாட்டு மூட்டைக்குள் தாட்டுவிட்டேன். எந்தக் கள்ளனும் மூக்கோடு அதற்குக் கிட்ட வரமாட்டான்.

இன்று காலை போன் அடித்தது. எடுத்தால் உன் குரல்! "மாமா, சாவியை அங்க விட்டிட்டன். இண்டைக்குத்தான் முழுக் காவலையும் என்ர பொறுப்பில தாறாங்கள், சாவி இல்லாமல் உள்ள போக ஏலாது. தயவுசெய்து இப்பவே பஸ்ஸில குடுத்து அனுப்புங்கோ." மகள், எனக்கு மயிர் கூச்செறிந்தது. நீ சொன்ன மெஷின் வந்துவிட்டது! அதுவும் உலகத்தை எல்லாம் விட்டுவிட்டு, மீராசாகிபுவைத் தேடி!

நான் விடுவேனா? "வீடியோவில வா" என்றேன். வந்தது. அச்சு அசல் நீதான், அந்தக் கன்னத்து மச்சம்கூட. "மூக்கைப் பிடி" என்றேன், பிடித்தது. "ஒற்றைக்காலில நில்" என்றேன். "மாமா, எல்லாரும் பாக்கினம்" என்று சிணுங்கிவிட்டு நின்றது. பின்னால் ஒபிஸ் மாதிரி ஒரு அறை, அதில் நாலைந்து பேர் வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்கிறார்கள், கழுத்தில் ரை கட்டின ஒருவர் மணிக்கூட்டைப் பார்த்துக்கொண்டு நிற்கிறார். அவரையும் செய்து வைத்திருக்கிறாங்கள் மகள், என்ன நுணுக்கம்! "நீ சின்னனில எதுக்குள்ள விழுந்தனி?" என்று கேட்டேன். "உங்கட ஐஸ் பெட்டிக்குள்ள" என்று சரியாகச் சொன்னது. எங்கட கதை முழுவதையும் விழுங்கியிருக்கிறது, வயிறு எவ்வளவு பெரிசோ!

மாமி பக்கத்தில் நின்று, "பாவம் அது, குடுங்கோவன்" என்றா. "சும்மா இரு, இது விஞ்ஞானம்" என்றுவிட்டுக் கடைசி ஆயுதத்தை எடுத்தேன். நான் பிடிச்ச சுறாவின் கதை. அந்தச் சுறா வலையோட என்னையும் இழுத்துக்கொண்டு திருகோணமலை வரைக்கும் போய், அங்க மனம் மாறித் திரும்பி வந்து, கரையில நிண்ட லொறியின்ர ரயரைக் கடிச்ச கதை. உண்மையான சப்னா ரெண்டாவது வசனத்திலேயே, "மாமா, போன பெருநாளைக்கு அது ஆறடிச் சுறா, இப்ப அறுபதோ?" என்று வெட்டிவிடுவாள். பிறந்த நாள் தொட்டு ஒருக்காலும் முழுக்கக் கேட்டதில்லை. இதுவோ முக்கால் மணித்தியாலம் ஒரு சொல்லுக் குறுக்க விடேல்ல! லொறிக் கட்டத்தில, "பிறகு, மாமா?" எண்டு வேற கேட்டது. எனக்கு நெஞ்சு நிறைஞ்சிட்டுது. முப்பது வருஷமாச் சொல்லுறன், முல்லைத்தீவில ஒரு மனிசர் அப்படிக் கேட்டதில்லை. அந்தச் சந்தோசத்தோடயே, "பிடிச்சிட்டன் கள்ளா! என்ர மருமகளுக்கு இவ்வளவு பொறுமை இல்லையடா!" எண்டு கத்தினன். அது அழுதது. மூக்கை உறிஞ்சினதுகூட உன்னை மாதிரியேதான். கைதட்டிப் பாராட்டிப்போட்டு லைனை வெட்டினன். பிறகு பத்துத் தரம் அடிச்சது, நான் எடுக்கேல்ல.

ஆகவே மகள், நிம்மதியாக வேலை செய். இப்படியொரு மெஷினைச் செய்தவனும் கெட்டிக்காரன், அது வரும் என்று முன்கூட்டியே சொன்ன நீ அவனிலும் கெட்டிக்காரி, ரெண்டு பேரையும் வென்ற நான் யாரென்று உன் ஒபிஸில் சொல்லு. அல்லாஹ் உனக்கு நீண்ட ஆயுளையும், அந்தப் பெரிய பதவியையும், மாமாவைப்போல் உறுதியான மாப்பிள்ளையையும் தரட்டும். மாமி ஸலாம் சொல்லச் சொன்னா.

இப்படிக்கு,
யாராலும் ஏமாற்ற முடியாத மாமா,
மீராசாகிபு

பி.கு.: இதை ஒட்டப் போகேக்க உன்ர உம்மா முக்காட்டைச் சரியாப் போடாமல்கூட ஓடி வந்தா. நீ அவவுக்குப் போன் அடிச்சுச் சொன்னியாம், காலமை வீடியோவில வந்தது நீதானாம். ரை கட்டினவர் உன்ர ஒபிஸ் பெரியவராம், நாளைக்குக் காலமை வரைக்கும் தவணை தந்திருக்கிறாராம். சாவியையும் இந்தக் கடிதத்தையும் கொண்டு நானே இப்ப பஸ் ஏறுறன், அவரிட்ட நான் கதைக்கிறன், நீ பயப்படாத. ஒண்டு மட்டும் கேக்கிறன். அந்த "பிறகு, மாமா?" சாவிக்காகக் கேட்டதெண்டால், எனக்குச் சொல்ல வேண்டாம்.