ஒரே ஈசிஜி, இரண்டு சீட்டு

ஒரு காட்டில், பாதி மிருகங்களுக்கு நெஞ்சுப் படபடப்பும் மீதிப் பாதிக்கு அது வந்துவிடுமோ என்ற பயமும் இருந்த காலத்தில், சடையப்பன் என்ற கரடி இதய டாக்டராக இருந்தார். ஈசிஜி காகிதத்தை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு, "கோடு பொய் சொல்லாது" என்பார். நோயாளிகள் கையெடுத்துக் கும்பிடுவார்கள்.

கோட்டைப் பார்ப்பதற்கு முன்னால், காகிதத்தில் குண்டூசியால் குத்தியிருக்கும் சீட்டைத்தான் அவர் பார்ப்பார். இது அவருக்கும், அவரிடம் நர்ஸாக இருந்த செங்கமலம் என்ற கீரிக்கும் மட்டுமே தெரியும். என்ன வயது, எங்கே வலி, எத்தனை நாளாக என்று நோயாளியிடம் கேட்டு அந்தச் சீட்டை எழுதுவது செங்கமலம்தான்.

ஒருநாள் ஃபேன் காற்றில் இரண்டு சீட்டுகள் இடம் மாறிவிட்டன. ஓட்டப் பந்தயத்துக்கு முன்னால் சும்மா ஒரு டெஸ்ட் என்று வந்திருந்த இளம் மானின் காகிதத்தில், "நெஞ்சுவலி, மயங்கி விழுந்தார்" என்ற கிழ எருமையின் சீட்டு. டாக்டர் மானின் கோட்டைப் பார்த்து உச்சுக் கொட்டினார்.

"பாவம். இந்த மேட்டைப் பார்த்தீங்களா சிஸ்டர்? மூணு அடைப்பு."

எருமையின் கோட்டைப் பார்த்து, "பிரமாதம்! ஓடச் சொல்லுங்க" என்றார்.

நல்லவேளை, எருமை ஓட ஆரம்பிப்பதற்குள் செங்கமலம் வாசலில் மறித்துவிட்டார். திரும்பி வந்து சொன்னார்: "டாக்டர், நீங்க கோட்டைப் படிக்கலை. என் கையெழுத்தைப் படிக்கிறீங்க."

சடையப்பனுக்குச் சுருக்கென்றது. "இனிமே சீட்டே வேண்டாம். வெறும் காகிதத்தைக் கொடுங்க, போதும்."

செங்கமலம் அப்படியே கொடுத்தார். முதல் காகிதத்தைப் பார்த்ததுமே டாக்டர் கண்ணாடியைக் கழற்றித் தலை குனிந்தார். "காப்பாத்த முடியலைன்னு வீட்டாருக்குச் சொல்லிடுங்க." வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்த ஆமை, "யாருக்கு என்ன ஆச்சு?" என்று மெதுவாகக் கேட்டது. டாக்டர் அடுத்ததைப் பார்த்து, "இதயம் வெடிக்கப் போகுது!" என்று கத்தினார். அது முயலுடையது. முயலுக்கு எப்போதுமே அப்படித்தான் துடிக்கும். அந்தக் கத்தலைக் கேட்ட பிறகு இன்னும் கொஞ்சம் கூடிவிட்டது.

மறுநாள் சீட்டு திரும்ப வந்தது.

அந்த வாரமே ஒரு மத்தியானம், டாக்டருக்கே நெஞ்சை அழுத்தியது. காலையில் இரண்டு கூட்டுத் தேன் உள்ளே போயிருந்தது. செங்கமலம் விடாப்பிடியாகப் படுக்கவைத்து ஈசிஜி எடுத்தார். சீட்டை டாக்டர் தானே எழுதினார்: "தேன் அதிகம். வாயு." பிறகு தன் கோட்டைத் தூக்கிப் பிடித்துப் பார்த்தார். அதில் ஏதோ உறுத்தத்தான் செய்தது. ஆனால் சீட்டில் வாயு என்று தெளிவாக எழுதியிருக்கிறதே, அதுவும் ஒரு டாக்டர் கையால்!

"வாயுதான் சிஸ்டர். ஒரு சோடா சொல்லுங்க."

செங்கமலம் சோடா சொல்லவில்லை. காகிதத்தோடு வெளியே போய், அந்தச் சீட்டைக் கிழித்துப் போட்டுவிட்டு வேறொன்றைக் குத்தினார். அடுத்த நிமிஷமே உள்ளே ஓடிவந்தார்.

"டாக்டர், அவசரம்! மலையடிவாரத்துக் கேஸ். ஐம்பத்தெட்டு வயசு, நெஞ்சை அழுத்துதாம், இடது தோள்ல வலி, வேர்த்துக் கொட்டுது."

டாக்டர் ஒரே ஒரு பார்வை பார்த்தார். நெற்றி வேர்வையைத் துடைத்துக்கொண்டே துள்ளி எழுந்தார்.

"மாரடைப்பு! இதுல என்ன சந்தேகம்? எந்த மடையன் இதைப் பார்த்துட்டு நடமாட விட்டான்? மாத்திரையைக் கொடுங்க, ஆம்புலன்ஸ் யானையைக் கூப்பிடுங்க! ஆள் எங்கே?"

"நின்னுட்டிருக்கார், டாக்டர். முதல்ல உட்காருங்க."

சடையப்பன் காகிதத்தைப் பார்த்தார். ஈரமாயிருந்த தன் உள்ளங்கையைப் பார்த்தார். உட்கார்ந்து, வாயைத் திறந்து மாத்திரையை வாங்கிக்கொண்டார்.

பெரிய ஆஸ்பத்திரியில் நாரை டாக்டர் சீட்டைப் படித்துவிட்டு, ஒரு நொடிகூடத் தாமதிக்காமல் வைத்தியத்தை ஆரம்பித்தார். சடையப்பன் பிழைத்துவிட்டார். அங்கே இருந்த பத்து நாளும் "மலையடிவாரத்துக் கேஸ்" என்றுதான் அவரைக் கூப்பிட்டார்கள். அவர் திருத்தவில்லை. தான் இதய டாக்டர் என்று தெரிந்தால், "உங்களுக்குத் தெரியாததா? நீங்களே பார்த்துச் சொல்லுங்க" என்று காகிதத்தைக் கையில் கொடுத்துவிடுவார்களோ என்ற பயம்தான்.

நீதி: நெஞ்சுவலி வந்தால், கூடுமானவரை வேறு யாராகவாவது இருந்துகொள்வது உயிருக்கு நல்லது.