தேய்ந்த எழுத்தில் ஒரு பயோடேட்டா

"எங்களுக்கு முன்னாடி இதை எத்தனை வீட்டுல பாத்தாங்க?" என்று கேட்டார் மாப்பிள்ளையின் அப்பா.

கோவிந்தராசுவுக்குப் புரியவில்லை. மகள் அறிவுமதியின் பயோடேட்டாவோடு கீழ்வேளூரிலிருந்து பஸ் ஏறி அவர் மயிலாடுதுறைக்கு வந்ததே அன்றுதான்.

"நீங்கதாங்க முதல்."

"ஜெராக்ஸுக்கு ஜெராக்ஸ் எடுத்து எழுத்தெல்லாம் தேஞ்சு கெடக்கு. பொண்ணு பேருல 'தி'க்கு மேல் சுழியைக் காணோம். முதல்ங்கிறீங்க."

அது தேய்ந்த எழுத்தல்ல, புது எழுத்து. முனைக்கு முனை சின்னக் கொக்கி வைத்து, பழைய அச்சகத்தில் மை சரியாக ஒட்டாமல் அடித்தது போலக் கம்ப்யூட்டரில் செய்தது. லட்சணமாக இருக்கிறதென்று அறிவுமதி அதில்தான் அடித்து வந்திருந்தாள். கோவிந்தராசு இதைப் பொறுமையாக விளக்கினார்.

"அப்ப புதுசைப் பழசாக் காட்டுவீங்க," என்றார் அவர். "வயசு இருபத்தேழுன்னு போட்டிருக்கே, அதுல எதை எதுவாக் காட்டியிருக்கீங்க?"

வீட்டில் அறிவுமதிதான் வழி சொன்னாள். "விட்டுப்போன எடத்தையெல்லாம் பேனாவால நெரப்பிடுங்கப்பா." நீலப் பேனாவையும் அவளே எடுத்துக் கொடுத்தாள்.

அடுத்த வாரம், திருவாரூரில் பையனின் அம்மா மங்களாம்பிகை தாளை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"பொறந்த வருசத்துல மட்டும் பேனா ரெண்டு தடவை ஓடியிருக்குங்களே."

"கெசட்டட் ஆபீசர்கிட்ட கையெழுத்து வாங்கிட்டா யாரும் பேச முடியாதுப்பா," என்றாள் அறிவுமதி, அவர் வீடு திரும்பியதும்.

தாலுக்கா ஆபீசில் முப்பது வருஷம் பியூனாக இருந்தவர் கோவிந்தராசு. முத்திரையை நம்பாமல் வேறு எதை நம்புவார்? பச்சை மைக் கையெழுத்தும் வட்ட முத்திரையுமாகத் தாள் மன்னார்குடிக்குப் போனது. அங்கே மாப்பிள்ளையின் அண்ணன் அதை இரண்டு முறை படித்துவிட்டு, மெதுவாகக் கேட்டார்.

"பொண்ணு பேருல கேஸ் எதுவும் நடக்குதுங்களா?"

அன்று கோவிந்தராசுவால் மகளின் முகத்தைப் பார்க்க முடியவில்லை. மனைவி அம்சம் புடவைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "விடுங்கப்பா, எனக்குன்னு ஒருத்தன் பொறக்காமலா இருப்பான்," என்று ஆறுதல் சொல்லிவிட்டு, அறிவுமதி இன்னொரு தோசை போட்டுக்கொண்டாள்.

மறுநாள் அவளிடம்கூடச் சொல்லாமல், அவள் பிரிண்ட் எடுத்த பஸ் ஸ்டாண்டு கடைக்குப் போனார். கடைக்காரி கமருன்னிஸாவிடம் தாளை நீட்டினார்.

"இதையே சாதாரண எழுத்துல பளிச்சுன்னு அடிச்சுக் குடும்மா. இந்த எழுத்தால மூணு சம்பந்தம் தட்டிப்போச்சு. பாவம், எம் பொண்ணு."

கமருன்னிஸா நீல மையையும் பச்சை மையையும் முத்திரையையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"நான் மொதல்ல பளிச்சுன்னுதாங்க அடிச்சுக் குடுத்தேன். 'வாங்கிப் பாக்குறவங்க மறுபடி வாசப்படி மிதிக்காத மாதிரி எழுத்து ஏதும் இருக்காக்கா'ன்னு கேட்டு, ஒரு மணி நேரம் உக்காந்து இதைத் தேடி எடுத்தது உங்க பொண்ணுதான்."