பத்துப் பால்சுறா

"எத்தினி கேட்டாரு? நல்லா நெனப்பு பண்ணிச் சொல்லும்மா."

"பத்துன்னு சொன்னேன் இல்ல? பத்து பால்சுறா. எல்லாம் ஒரே அளவா இருக்கணுமாம். குடல் எடுக்கக்கூடாதாம், கத்தியே படக்கூடாதாம். வெள்ளிக்கெயமை காலைல ஒம்போது மணிக்கு கைக்கு வந்துடணுமாம். அதுக்கு இன்னாத்துக்கு நைனா உன் மூஞ்சி இப்டி வெளுத்துப்போவுது?"

தேசப்பன் விரல் விட்டு எண்ணினான். பி.எஸ்ஸி. விலங்கியலில் மார்ச் மாதம் கோட்டை விட்டுவிட்டு, செப்டம்பரில் மறுபடியும் எழுதப் போகிறவர்கள் அவனையும் சேர்த்து மொத்தம் பத்துப் பேர். பிராக்டிகல் பரீட்சை இந்த வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்கு. சுறா கேட்டு வந்தவரோ விலங்கியல் கூடத்து அட்டெண்டர் லூர்து. இதற்கு மேல் கூட்டிக் கழித்துப் பார்க்க என்ன இருக்கிறது?

"வேற இன்னா சொன்னாரு?"

"புரொபசர் ஐயாவோட ஆர்டராம். யாராண்டயும் மூச்சு வுடக்கூடாதுன்னு மீன் கூடை மேல கை வெச்சு சத்தியம் வாங்கிக்கினாரு."

"அப்பாலே என்னாண்ட ஏன் சொன்ன?"

"நீ யாரோவா? நான் பெத்த புள்ள" என்றாள் கன்னியம்மா.

சர்வகலாசாலை தன் கேள்வித்தாளுக்கு அரக்கு முத்திரை வைக்கிறது, இரும்புப் பெட்டியில் பூட்டுகிறது, பெட்டிக்கு ஒரு சேவகனைக் காவல் போடுகிறது. எல்லாம் சரிதான். ஆனால் அறுக்க வேண்டிய பிராணியை உறைக்குள் போட்டு ஒட்ட முடியுமா? யாராவது போய் வாங்கித்தானே ஆகவேண்டும்? துணைவேந்தருக்குத் தெரிவதற்கு முன்னால் காசிமேட்டு மீன்காரிக்குத் தெரிந்துவிட்டது. கல்வியின் மேல் தேசப்பனுக்கு அன்றுதான் முதல் முறையாக மரியாதை வந்தது.

சுறா என்றதும் அவன் முகம் வெளுத்ததற்கு வேறு காரணம் உண்டு. மார்ச் பரீட்சையிலும் அவனுக்கு வந்தது சுறாதான். அதன் மண்டையைத் திறந்து, மூளையிலிருந்து கிளம்பும் நரம்புகளை அறுபடாமல் எடுத்துக் காட்ட வேண்டும். மூன்று தலைமுறையாக மீன் அரிந்த கை பாடப் புத்தகத்தின் பேச்சைக் கேட்குமா? கத்தியைத் தொட்டதும் அது பாட்டுக்கு வேலையில் இறங்கிவிட்டது. துடுப்பு போயிற்று, குடல் போயிற்று, பத்தே நிமிஷத்தில் தட்டில் ஒரே சீரான பதினாறு துண்டுகள். பரீட்சகர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடியும் மாட்டிக்கொண்டு பார்த்தார்.

"தலை எங்கேயப்பா?"

"தலை கொயம்புக்கு ஆவாது சார்" என்று சொன்ன பிறகுதான் அவன் நாக்கைக் கடித்துக்கொண்டான்.

இந்த முறையும் போனால் தீர்ந்தது. ராயபுரத்தில் ஒரு ஆஸ்பத்திரியில் ரத்தம் பரிசோதிக்கும் வேலை, பட்டம் கைக்கு வந்ததும் தருவதாகச் சொல்லியிருந்தார்கள். வராவிட்டால் என்ன என்பதை அப்பா மாரியப்பன் சுருக்கமாகச் சொல்லிவிட்டார்: "புக்கைக் கட்டி வெச்சுட்டு கட்டுமரத்துல ஏறு." தேசப்பனோ கரையில் நின்று அலையைக் கூர்ந்து பார்த்தாலே தலை சுற்றுகிற பிள்ளை. மீன்காரன் வீட்டில் பிறந்து கடலில் வாந்தி எடுப்பதைவிட அவமானம் வேறில்லை என்று அவன் மனதார நம்பினான்.

தவளை, கரப்பான், எலி என்று பிரித்து வைத்திருந்த பக்கங்களை எல்லாம் மூடி ஓரமாக வைத்தான். அன்று மத்தியானமே அம்மாவின் கூடையிலிருந்து இரண்டு சுறாவை எடுத்துக்கொண்டு குடிசைக்குப் பின்னால் உட்கார்ந்தான். முதல் சுறா பழக்க தோஷத்தில் குழம்புத் துண்டாகிவிட்டது. இரண்டாவதற்கு வலது கையை இடது கையால் பிடித்துக்கொண்டு அறுத்தான். ஒரு நரம்பு தெரிந்தது. தெரிந்த சந்தோஷத்தில் அவன் கூவியதுதான் தப்பு.

"ஏல தேசப்பா, இது என்னல கூத்து?"

நோட்டு இரவல் கேட்க வந்த சுப்புராஜ் வேலியைத் தாண்டி எட்டிப் பார்த்தான். யானைக்கவுனியில் மளிகை மண்டி வைத்திருக்கும் திருநெல்வேலிக்காரர் மகன். பத்துப் பேரில் இவனும் ஒருவன்.

"ஒண்ணுமில்லப்பா. கொயம்புக்கு."

"குழம்புக்கு மண்டை நரம்பை எண்ணிக்கிட்டா இருப்பாவ? மரியாதையாச் சொல்லிரு."

தேசப்பன் சொல்லிவிட்டான். சொல்லாமல் இருக்கத்தான் நினைத்தான்; ரகசியம் என்பது தும்மல் மாதிரி, பாதியில் நிறுத்த முடியவில்லை.

"முருகன் மேல சத்தியமாச் சொல்லுதேன், ஒருத்தங்கிட்டயும் வாயைத் தொறக்க மாட்டேன்" என்றான் சுப்புராஜ். சாயங்காலம் சௌக்கத் அலி வந்து நின்றான். இவனும் பத்தில் ஒருவன், புளியந்தோப்பிலிருந்து சைக்கிளில் வந்திருந்தான். "சுறா எங்கே கிடைக்கும் பாய்?" என்று கேட்டான்.

சுப்புராஜ் மண்டிக்காரர் பிள்ளை அல்லவா, சரக்கை உரசிப் பார்க்காமல் நம்ப மாட்டான். மறுநாள், செவ்வாய்க்கிழமை, தேசப்பனையும் இழுத்துக்கொண்டு புரொபசர் கருணாகரனின் அறைக்கே போனான்.

கருணாகரனைப் பற்றி ஒரு வார்த்தை. வாரத்தில் ஐந்து நாள் அவர் மேற்பார்வையில் தவளையும் எலியும் கணக்கில்லாமல் உயிரை விடும். ஆறாம் நாள் ஓய்வு. ஞாயிற்றுக்கிழமை ஜீவகாருண்ய சபையில் தலைமை வகித்து, புலால் உண்பவன் மனிதனே அல்ல என்று இரண்டு மணி நேரம் பேசுவார். வெங்காயம் உரித்தால்கூட அதன் வேதனையை நினைத்துக் கண்ணீர் விடுகிறவர் என்று கல்லூரியில் பேச்சு.

"ஐயா, ஒரு சந்தேகம்" என்று ஆரம்பித்தான் சுப்புராஜ். "இந்தச் சுறா..."

புரொபசர் கையிலிருந்த சாக்குக்கட்டி விழுந்து இரண்டாக உடைந்தது.

"என்ன சுறா? எந்தச் சுறா? யார் சொன்னது உனக்கு?"

"காசிமேட்டுல யாரோ பேசிக்கிட்டாவ ஐயா. பத்துச் சுறான்னு..."

அவர் எழுந்து போய்க் கதவைச் சாத்தினார். துண்டால் நெற்றியைத் துடைத்தார். பிறகு, இருபது வருஷ சர்வீஸ் உள்ள அந்தப் பெரிய மனிதர், பரீட்சையில் தோற்ற இரண்டு பையன்களின் கையைப் பிடித்துக்கொண்டார்.

"இது வெளியே தெரிந்தால் நான் தலை நிமிர்ந்து நடக்க முடியாது. என் பெயர், மானம் எல்லாம் போய்விடும். உங்களுக்குப் புண்ணியமாகப் போகும், மறந்துவிடுங்கள்."

வெளியே வந்ததும் சுப்புராஜ் தேசப்பனைக் கட்டிக்கொண்டான். "கேட்டியால? இனிமே என்ன சாட்சி வேணும்?"

புதன்கிழமை காலை பத்துப் பேரும் கரையில் நின்றார்கள். சட்டையைக் கால்சட்டைக்குள் செருகிய படித்த பிள்ளைகள் குட்டிச் சுறாவுக்காக ஒருவரை ஒருவர் முண்டியடித்துக்கொண்டு ஏலம் கேட்பதைக் காசிமேடு அதுவரை பார்த்ததில்லை. கன்னியம்மாவுக்குப் பக்கத்துக் கூடைக்காரி பட்டம்மாள் இடுப்பில் கை வைத்தாள்.

"இன்னாங்கடா இது? காலேஜி புள்ளைங்க எல்லாம் சுறாவைத் தூக்கினு ஓடுறீங்கோ?"

பரீட்சை ரகசியம் போய்விடுமே என்ற பயத்தில் சௌக்கத் அலி வாய்க்கு வந்ததைச் சொன்னான்: "சுறாத் தலையில ஒரு நரம்பு இருக்கும்மா. அதைத் தின்னா ஞாபக சக்தி வரும்."

ஊர் வாயை மூட உலைமூடி ஏது? மத்தியானத்துக்குள் திருவொற்றியூர் வரைக்கும் சேதி போய்விட்டது. பிள்ளை கணக்கில் முட்டை வாங்கிய வீடுகளிலிருந்தெல்லாம் தாய்மார்கள் பையோடு வந்தார்கள். கறுப்புக் கோட்டு வக்கீல் ஒருவர் ரிக்ஷாவில் வந்து, வழக்கு நம்பரெல்லாம் மறந்து போகிறது என்று நாலு தலை வாங்கிப் போனார். வெறும் தலைக்கே அடிதடி. வியாழன் காலையில் கரையேறிய சுறா அத்தனையும் கூடைக்கு வருமுன்னே பறந்தது. கன்னியம்மா கையில் மிஞ்சியது ஒரு திருக்கை வால்.

பத்து மணிக்கு லூர்து சைக்கிளில் வந்து இறங்கினார்.

"கன்னிம்மா, நாளைக்கு சரக்கு ரெடியா?"

"சரக்கு ஏது? ஊரே சுறாவுக்குப் பேயா அலையுது."

லூர்து அப்படியே மணலில் உட்கார்ந்துவிட்டார். "பத்து இல்லாம போனேன்னா ஐயா என்னை உரிச்சு உப்புக்கண்டம் போட்டுடுவாரு. ஒண்ணு கொறைஞ்சாலும் ஒத்துக்க மாட்டாரு."

மறைந்து நின்று எல்லாவற்றையும் கேட்டான் தேசப்பன். சுறா இல்லை என்றால் கேள்வியை மாற்றிவிடுவார்கள். மாற்றினால் எலியோ, தவளையோ, எது வந்தாலும் அவன் தலையில் இப்போது ஒன்றும் கிடையாது. நாலு நாளாக அவன் சுறாவையே தின்று, சுறாவையே அறுத்து, சுறாவாகவே ஆகியிருந்தான்.

பத்துப் பேரும் கூடிப் பேசினார்கள். தங்கள் பரீட்சைக்குத் தாங்களே சாமான் சேகரித்துக் கொடுப்பது என்று முடிவாயிற்று. ஆளுக்கொரு சாக்குப் பையோடு எண்ணூருக்குப் பஸ் ஏறினார்கள். கரை கரையாகக் கெஞ்சி, ஒருவன் கைக்கடிகாரத்தைக்கூடக் கழற்றிக் கொடுத்து, பொழுது சாய்வதற்குள் ஒன்பது சேர்த்தார்கள். பத்தாவதுக்குப் பாதாளம் வரை தேடியும் பலனில்லை.

"என்னாண்ட ஒண்ணு கீது" என்றான் தேசப்பன் தயங்கித் தயங்கி. "ஆனா காலைலதான் அத்தோட மண்டையைத் தொறந்து படிச்சேன்."

வலை பின்னும் மெல்லிய நூலும் ஊசியும் வந்தன. கத்தியைக் கட்டுப்படுத்தத் தெரியாத அந்தக் கைக்கு ஊசி பிடிக்க நன்றாகத் தெரிந்தது. தையல் வெளியே தெரியாமல் மண்டையை மூடி, மேலே கொஞ்சம் ஈர மணலைத் தடவினான். சுறாவின் அம்மாவே வந்தாலும் கண்டுபிடிக்க முடியாது. உள்ளே ஐந்தாம் நரம்பு, ஏழாம் நரம்பு, பத்தாம் நரம்பு எல்லாம் பளிச்சென்று எடுத்து வைத்தபடி இருக்கின்றன. அது மட்டும் தன் தட்டுக்கு வந்துவிட்டால்! பட்டினத்தார் கோயில் இருக்கும் திசையைப் பார்த்து ஒரு கும்பிடு போட்டான்.

வெள்ளிக்கிழமை ஒன்பது மணிக்கு லூர்து கன்னியம்மாவிடம் பத்தையும் எண்ணி வாங்கி, ஈரக் கோணியில் சுற்றி எடுத்துக்கொண்டு போனார். பத்து மணிக்கு வெளியூர்ப் பரீட்சகர் கேள்வித்தாளின் முத்திரையை உடைத்தார். பத்து மேஜையிலும் தட்டுகள் ஈரத்துணி போர்த்தியபடி இருந்தன. துணி ஒரு கைப்பிடி அளவுதான் மேடாக இருந்தது. குட்டிச் சுறா என்று தேசப்பன் மனதைத் தேற்றிக்கொண்டான்.

"துணியை எடுக்கலாம்."

எடுத்தார்கள். தட்டில் மல்லாந்து கிடந்தது தவளை.

சௌக்கத் அலி குனிந்து மேஜைக்கு அடியில் பார்த்தான். சுப்புராஜ் கண்ணை மூடி மூடித் திறந்தான். தேசப்பன் மெல்லக் கையைத் தூக்கினான்.

"சார், தட்டு மாறிப்போச்சு சார்."

"எதனோடு மாறிப் போயிற்று?" என்றார் பரீட்சகர். "இந்தத் தவளைகளைப் பெட்டியில் போட்டு நானே ரயிலில் மடியில் வைத்துக்கொண்டு வந்தேன். தவளையின் ரத்தக் குழாய்களை எடுத்துக் காட்டு."

தேசப்பன் புரொபசர் கருணாகரனைப் பார்த்தான். அவர் சுவரிலிருந்த பல்லியை ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தார்.

காசிமேட்டில் தவளையை யாரும் குழம்பு வைப்பதில்லை. அதனால் அவன் கை இந்த முறை ஒழுங்காகத்தான் நடந்தது; எங்கே நடப்பது என்றுதான் தெரியவில்லை. ரத்தக் குழாய் என்று அவன் காட்டியதைப் பார்த்த பரீட்சகர், "அது நான் தவளையைக் கட்டி வந்த நூல்" என்றார். மூன்று மணி நேரம் கழித்து வெளியே வந்தபோது தேசப்பனுக்கு உண்மையிலேயே அழுகை வந்தது. ஆஸ்பத்திரி வேலை போயிற்று, நாளைக்குக் கட்டுமரம், நாளை மறுநாள் வாந்தி.

தேசப்பன், சுப்புராஜ், சௌக்கத் அலி மூவரும் பின்கட்டுக்குப் போனார்கள். குழாயடியில் லூர்து தட்டுகளைக் கழுவிக்கொண்டிருந்தார்.

"லூர்தண்ணே" என்றான் தேசப்பன். "எண்ணூரு வரைக்கும் ஓடி வாங்கியாந்தமே, அந்தப் பத்துச் சுறாவும் எங்க?"

"அதுவா? அப்பவே ஐயா வூட்டுக்குப் பூட்ச்சே."

"வூட்டுக்கா? பரீட்சைக்கு வாங்கலியா?"

லூர்து சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"பரீட்சையாவது ஒண்ணாவது! ஐயா பொண்ணு புள்ள பெத்துகினு வந்து கீது தம்பி, பால் ஊறணும்னு சுறாப்புட்டு. அந்தப் பொண்ணுக்கு ஒண்ணு, மீதி ஒம்போதும் ஐயாவுக்கு."